வதந்தி ஏன் அடங்குவதில்லை?

ஊரார் பேச்சைக் குறிக்கப் பழந்தமிழில் இரண்டு சொற்கள் உள. ஒன்று அம்பல், மற்றொன்று அலர். வாய்விட்டுச் சொல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிக் குறிப்பாக உணர்த்தும் முணுமுணுப்பு அம்பல் எனப்படும். அதுவே பலரும் அறியப் பேசப்படும்போது அலர் எனப்படும். அரும்புக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்று உரையாசிரியர்கள் விளக்குவர். தொல்காப்பியம் இவ்விரண்டையும் களவொழுக்கத்தை வெளிப்படுத்துவனவாகக் கூறுகிறது. திருக்குறளின் 115-ஆம் அதிகாரத்திற்கு 'அலர் அறிவுறுத்தல்' என்பதே பெயர்.

பண்டைத் தமிழர் ஊர்ப்பேச்சின் இயல்பை எவ்வளவு நுணுகி ஆராய்ந்துள்ளனர் என்பதற்கு இச்சொற்களே சான்று. அரும்பு மலர்வதற்குச் சிறிது காலம் வேண்டும். அந்த இடைவெளியில் கேட்டவர் சிந்திக்கலாம், சொன்னவரை வினவலாம். இன்று அந்த இடைவெளி இல்லாமற் போயிற்று. கைப்பேசியில் பிறக்கும் செய்தி அரும்பாமலே மலர்ந்துவிடுகிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. இலக்கியத்தில் வரும் அலருக்குப் பெரும்பாலும் ஏதேனும் ஓர் உண்மை அடிப்படையாக இருந்தது. தலைவனும் தலைவியும் கண்டு பழகினர், ஊர் பேசிற்று. வதந்திக்கோ உண்மை வேண்டுவதில்லை. அச்சம் ஒன்றே போதும். இக்கருத்தை மனத்திற் கொண்டால்தான், வதந்தி ஏன் இவ்வளவு விரைவாகப் பரவுகிறது, அரசும் சட்டமும் முயன்றும் ஏன் அடங்க மறுக்கிறது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண இயலும்.

அத்திமூரில் நடந்தது

2018-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள். மலேசிய மக்கள் 14-ஆம் பொதுத் தேர்தலில் வாக்களித்துக் கொண்டிருந்த நாள் அது. அன்று தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூர் என்னும் ஊருக்கு ஒரு குடும்பத்தார் காரில் சென்றனர். குலதெய்வக் கோயிலுக்குச் செல்வது அவர்கள் நோக்கம். அவர்களுள் சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். மலேசியாவிலிருந்து சென்றிருந்த உறவினரும் இருந்தனர். வழி கேட்பதற்காகக் கார் நின்றது. அங்கே விளையாடிக் கொண்டிருந்த குழந்தைகளுக்கு அம்மூதாட்டி மிட்டாய் கொடுத்தார்.

அதற்குச் சில வாரங்களாகவே அவ்வட்டாரத்தில், வடநாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான ஆட்கள் பிள்ளை பிடிக்க வந்துள்ளனர் என்ற செய்தி, வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தின் வழியே பரவி வந்தது. மிட்டாய் கொடுத்ததைக் கண்டோர் ஐயுற்றனர். கூட்டம் கூடிற்று. காரில் வந்தோர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் சென்றோர் கொடுங்காயம் அடைந்தனர். கொன்றவர்களும் தமிழர்; கொல்லப்பட்டவரும் தமிழர். வடநாட்டார் என்று சொல்லிப் பரவிய வதந்தி, தமிழ் பேசிய ஒரு பாட்டியைப் பலி கொண்டது.

இது தனி நிகழ்ச்சியன்று. 2017 மே மாதம் சார்க்கண்டு மாநிலத்தில் இத்தகைய வதந்தியால் 7 பேர் உயிரிழந்தனர். 2018 சூலை முதல் நாள், மகாராட்டிர மாநிலத்தின் துளே மாவட்டத்தில் ரெய்ன்பாடா என்னும் ஊரின் வாரச் சந்தையில், ஊர் ஊராய்ச் சென்று இரந்துண்ணும் நாடோடிக் குலத்தவர் 5 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஒரு குழந்தையிடம் பேசியதே குற்றமாயிற்று.

இவற்றோடு சேர்ந்து வலம் வந்த காணொளிகளின் வரலாறு கவனிக்கத்தக்கது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வதாக ஒரு காணொளி. அது பாகிசுதானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புப் பற்றி மக்களுக்கு அறிவுறுத்துவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் நடித்து எடுத்த படம். அதன் இறுதியில் அச்சிறுவனைத் திரும்ப விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவர். அந்த இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். அறிவுரை அச்சுறுத்தலாக மாறிற்று. வேறொரு காணொளியில் வரிசையாகக் கிடத்தப்பட்ட குழந்தைகளின் உடல்கள் காட்டப்பட்டன. அவை 2013-இல் சிரியா நாட்டில் நச்சுவாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் படங்கள். கராச்சியும் சிரியாவும் இந்தியச் சிற்றூர்களின் செய்தியாயின.

அச்சம் முதலா, வதந்தி முதலா?

வதந்தியைக் கேட்டதால் மக்கள் அஞ்சுகின்றனர் என்பதே பொதுவான எண்ணம். ஆராய்ந்தோர் சிலர் இதனைத் தலைகீழாக மாற்றிக் காட்டியுள்ளனர்.

1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளநூல் அறிஞர் தொகுத்து, 1935-இல் வெளியிட்டார். நில அதிர்ச்சியை உணர்ந்தும், வீடு இடியாமல், உயிர்ச் சேதமும் இல்லாமல் தப்பிய பகுதி மக்களிடம் அவை வழங்கின. இதனினும் பெரிய அழிவு வரப்போகிறது என்பதே அவற்றுள் பலவற்றின் சாரம்.

ஆபத்திலிருந்து தப்பியவர்கள் ஏன் ஆறுதலான பேச்சுகளைப் பரப்பவில்லை? அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் இவ்வினாவை எழுப்பி, 1957-இல் வெளியிட்ட தம் நூலில் விடையும் கூறினார். அம்மக்கள் நில அதிர்ச்சியால் நடுங்கிப் போயிருந்தனர். ஆனால், சுற்றிலும் பார்த்தால் அஞ்சுவதற்குக் காரணமாக எதுவும் இல்லை. உள்ளத்தில் அச்சம் உண்டு. கண்முன் காரணம் இல்லை. இந்த முரண்பாட்டை மனம் பொறுத்துக்கொள்ளாது. அச்சத்திற்குத் தக்க காரணம் ஒன்றைத் தேடிற்று. வதந்தி அதனைத் தந்தது. ஆகவே, அவ்வதந்திகள் அச்சத்தை உண்டாக்கியவை அல்ல. இருந்த அச்சத்திற்கு நியாயம் கற்பித்தவை.

பிள்ளை பிடிப்போர் பற்றிய வதந்திக்கும் இது பொருந்தும். தம் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் இல்லாத தாய் எந்த நாட்டிலும் இல்லை. வேலை தேடி வேற்று மொழி பேசுவோர் வந்து குடியேறுகின்றனர். அடுத்த தெருவில் இருப்பவர் யார் என்றே தெரியவில்லை. அச்சத்திற்கு உருவம் இல்லை. 'இதோ, இவர்கள்தாம்' என்று ஒரு செய்தி வந்து உருவம் கொடுத்ததும் மனம் அதனைப் பற்றிக்கொள்கிறது.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் ஆகிய இருவர் 1947-இல் வெளியிட்ட வதந்தி பற்றிய நூலில், இதனை ஒரு வாய்பாடாகவே தந்தனர். ஒரு பொருள் மக்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதையும், அதைப்பற்றிய உண்மை எவ்வளவு தெளிவற்றுக் கிடக்கிறது என்பதையும் பெருக்கினால் வருவதே வதந்தியின் வலிமை என்றனர். கூட்டல் அன்று, பெருக்கல் என்பதை நோக்குக. இரண்டில் ஒன்று சுழியாயின் விடையும் சுழியே. முக்கியமல்லாத செய்தியை எவரும் பரப்பார். முக்கியமானதாயினும் உண்மை தெளிவாகத் தெரிந்தவிடத்து வதந்திக்கு இடமில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பை முக்கியமற்றதாக்க எவராலும் இயலாது. ஆகவே, குறைக்கக் கூடியது தெளிவின்மை ஒன்றே.

வாய்மொழியும் புலனமும்

அவ்விருவரும் செய்த சோதனை ஒன்று ஆசிரியர்கள் அறிய வேண்டியது. ஒருவரிடம் ஒரு படத்தைப் பற்றிய விவரத்தைக் கூறி, அவர் அதனைப் படம் பார்க்காத மற்றொருவருக்கும், அவர் அடுத்தவருக்கும் கூறுமாறு செய்தனர். 5, 6 பேரைக் கடப்பதற்குள் விவரங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு உதிர்ந்து போயிற்று. எஞ்சிய சிலவோ கூர்மையடைந்தன. எஞ்சியவையும் சொல்வோர் மனத்தில் முன்பே இருந்த எண்ணங்களுக்கு ஏற்ப உருமாறின. ஒரு படத்தில் வெள்ளையர் ஒருவர் கையில் சவரக்கத்தி இருந்தது; அவர் கறுப்பர் ஒருவருடன் சொல்லாடிக் கொண்டிருந்தார். அப்படத்தைக் கொண்டு நடத்திய சோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், ஏதோ ஒரு கட்டத்தில் கத்தி கறுப்பர் கைக்கு மாறிவிட்டது. கத்தியை மாற்றியது கண் அன்று. மனத்தில் இருந்த காழ்ப்பு.

வாய்மொழி வதந்திக்கு ஒரு குறை உண்டு என்பதும் இச்சோதனையால் விளங்கும். அது செல்லச் செல்லத் தேய்கிறது. ஆட்கள் பலரைக் கடந்த பின் அதில் ஊர்ப்பெயர் இராது, நாள் இராது. அத்துடன், சொன்னவர் முகம் தெரியும். 'உனக்கு யார் சொன்னது?' என்று மறுநாள் கேட்கலாம். பொய்யாயின் சொன்னவருக்கு இழுக்கு. இவ்வச்சமே பலர் நாவைக் கட்டிற்று.

புலனத்தில் வரும் வதந்திக்கு இத்தேய்மானம் இல்லை. ஆயிரம் கைகள் மாறினும் காணொளியில் ஓர் இழை குறையாது. சொல்வோர் தம் சொந்தச் சொல்லாற் சொல்வதும் இல்லை. விரலால் ஒரு முறை தொட்டு அனுப்புகின்றனர். அதனாற் பொறுப்பும் தமதன்று என எண்ணுகின்றனர். 'வந்ததை அனுப்பினேன்' என்பதே விடை. முதலில் அனுப்பியவர் யார் என்பதைக் கடைசியில் பெற்றவர் அறியார். ஆயினும், அது தம் கைக்கு வந்தது சித்தப்பாவிடமிருந்தோ, உடன் பணிபுரிபவரிடமிருந்தோ, கோயில் குழுவிலிருந்தோ ஆகும். அவர்மேல் உள்ள நம்பிக்கை செய்தியின்மேலும் ஏறிவிடுகிறது. முகம் தெரியாத ஒருவன் கட்டிய பொய், முகம் தெரிந்தவர் கொடுத்த செய்தியாக வந்து சேர்கிறது. புலன வதந்தியின் முழு வலிமையும் இதில்தான் இருக்கிறது.

உருமாற்றம் முற்றிலும் நின்றுவிட்டது என்பதும் இல்லை. காணொளி மாறுவதில்லை, அதன் மேல் எழுதும் வாசகம் மாறுகிறது. மொழி மாறுகிறது, ஊர்ப்பெயர் மாறுகிறது. ஒவ்வோர் ஊருக்கும் அதன் பக்கத்து ஊரிலேயே நடந்ததாகத் தோன்றுகிறது.

வேகத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 2018-இல் ஒரு புலனக் குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஒருவர் ஒரு செய்தியை 5 நிறைந்த குழுக்களுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அவரை நீக்க, 1,275 பேருக்கு அது சென்று சேரும். அவர்களுள் நூற்றுக்கு ஒருவர் வீதம் 12 பேர் மட்டுமே அவ்வாறே வேறு குழுக்களுக்கு அனுப்பினால் 15,300 பேர். அவர்களிலும் நூற்றுக்கு ஒருவர், அதாவது 153 பேர், அனுப்பினால் 1,95,075 பேர். ஒருவரே பல குழுக்களில் இருப்பதால் உண்மையில் தொகை இதனிற் குறையும். எனினும், நூற்றுக்கு 99 பேர் நாவடக்கம் காத்தும், மூன்றே படிகளில் இரண்டு இலட்சத்தை எட்டும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது தெளிவு.

பின்தங்கும் மெய்

பொய்க்குக் கிடைக்கும் இவ்வூர்தி மெய்க்கும் கிடைக்காதா என்று வினவலாம். கிடைக்கும், ஆனால் ஏறுவோர் குறைவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். உண்மை சரிபார்க்கும் 6 அமைப்புகள் மெய் அல்லது பொய் என்று முன்பே தீர்மானித்த செய்திகள் அவை. பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு, மெய்ச் செய்தியைவிட 70 விழுக்காடு மிகுதி. 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் மெய்க்கு வேண்டியிருந்தது.

இதற்குத் தானியங்கி நிரல்களே காரணம் என்று சிலர் கூறுவர். ஆய்வாளர்கள் அவற்றை நீக்கியும் பார்த்தனர், முடிவு மாறவில்லை. பரப்பியவர் மனிதரே. பொய்ச் செய்திகளில் புதுமை மிகுந்திருந்தது. படித்தோரின் மறுமொழிகளில் வியப்பும் அருவருப்பும் அச்சமும் மிகுந்திருந்தன. மெய் பெரும்பாலும் பழையது. நேற்றுப்போல் இன்றும் பிள்ளைகள் பள்ளி சென்று திரும்பினர் என்பது மெய். அதனை எவர் யாருக்கு அனுப்புவர்?

தடைகளும் அவற்றின் எல்லையும்

இந்தியாவில் உயிர்கள் பலியானபோது பல தடைகளை முயன்று பார்த்தனர். திரிபுரா மாநிலத்தில் 2018 சூன் இறுதியில், இறந்து கிடந்த ஒரு சிறுவனின் சிறுநீரகம் திருடப்பட்டது என்ற வதந்தி எழுந்தது. மக்களைத் தெளிவிக்க அரசு ஆட்களை அமர்த்திற்று. ஒலிபெருக்கியுடன் ஊர் ஊராகச் சென்று, 'வதந்தியை நம்பாதீர்' என்று அறிவித்து வந்த 33 வயது இளைஞர் ஒருவரை, சூன் 28-ஆம் நாள், சப்ரூம் வட்டாரத்தில் ஒரு கூட்டம் பிள்ளை பிடிப்பவர் என்று கருதி அடித்துக் கொன்றது. வதந்தியை மறுக்கச் சென்றவரையே வதந்தி விழுங்கிற்று. ஊருக்குப் புதியவர், வண்டியில் வந்தவர்: மக்கள் கண்டது இவ்வளவே. சொன்ன சொல் எத்துணை உண்மையாயினும், சொன்னவர் அவர்கள் அறிந்தவர் அல்லர். அம்மாநிலத்தில் இணையத் தொடர்பு 48 மணி நேரம் நிறுத்தப்பட்டது. இணையம் நிற்கும்போது வதந்தியோடு மறுப்பும் நின்றுவிடும் என்பதையும் எண்ண வேண்டும். தெளிவின்மை அதனால் வளருமேயன்றிக் குறையாது.

புலன நிறுவனமும் சில தடைகளை விதித்தது. 2018 சூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரையறை செய்தது. 2019 சனவரியில் அது உலகெங்கும் விரிவாயிற்று. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று. அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என நிறுவனம் பின்னர் அறிவித்தது. இவை பயனற்றவை அல்ல. வேகத்தைக் குறைத்தால் சிந்திக்கச் சிறிது நேரம் கிடைக்கும். அரும்புக்கும் மலருக்கும் இடையே இருந்த காலம் ஓரளவு மீளும். ஆயினும், இவை தணிப்பனவே, தடுப்பன அல்ல. புலனச் செய்திகள் 2016 முதல் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர, நிறுவனமும் அவற்றைப் படிக்க இயலாது. குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காக்கும் அதே பூட்டு, வதந்தியையும் காக்கிறது.

சட்டமும் முயன்றது. மலேசியாவில் 2018 ஏப்ரலில் பொய்ச்செய்தி எதிர்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 6 ஆண்டு வரை சிறையும் 5 இலட்சம் ரிங்கிட் வரை தண்டமும் அதில் உண்டு. கருத்துரிமையை அது நெருக்கும் என்ற எதிர்ப்பு வலுத்து, 2019 இறுதியில் அதனை நீக்க நாடாளுமன்றம் இசைந்தது. சிங்கப்பூரில் 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், பொய்யான கூற்றின் அருகிலேயே திருத்தத்தையும் வெளியிடுமாறு ஆணையிட அமைச்சர்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. பெயரிட்டுப் பொதுவெளியில் எழுதியவரைச் சட்டம் பிடிக்கலாம். பிள்ளை பிடிப்போர் பற்றிய செய்தியை அனுப்பும் தாய் யாரை ஏமாற்ற எண்ணினாள்? 'பொய்யாயினும் பரவாயில்லை, மெய்யாக இருந்து சொல்லாமல் விட்டால் பழி வருமே' என்றே அனுப்பினாள். நன்மை செய்கிறோம் என்று நம்பிச் செய்யும் செயலைத் தண்டனையால் அச்சுறுத்தித் தடுத்தல் அரிது.

மறுப்பு வேறு, விளக்கம் வேறு

'இது பொய்' என்று சொன்னால் ஏன் போதாது? 1994-இல் வெளியான ஒரு சோதனை இதற்கு ஒளி தருகிறது. ஹோலின் ஜான்சன், கோலின் சைஃபர்ட் என்னும் இருவர் நடத்தியது அது. ஒரு கிடங்கு தீப்பற்றிய செய்தியைச் சிறு சிறு பகுதிகளாகச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தனர். அறையொன்றில் வண்ணக் குழம்பும் எரிவாயு உருளைகளும் கவனமின்றி வைக்கப்பட்டிருந்தன என்று முதலில் கூறப்பட்டது. பின்னர், அது தவறு, அவ்வறை வெறுமையாக இருந்தது என்று திருத்தம் வந்தது. திருத்தத்தைப் படித்தோர் அது தமக்கு நினைவிருப்பதாகவே கூறினர். எனினும், தீ அவ்வளவு மூண்டதற்குக் காரணம் கேட்டபோது அவ்வண்ணக் குழம்பையும் உருளைகளையுமே நாடினர். தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறொரு காரணம் தரப்பட்டவரோ பழைய காரணத்தை எளிதிற் கைவிட்டனர்.

மறுப்பு ஒரு விடையைப் பிடுங்குகிறது. அவ்விடத்தைச் சும்மா விட்டுவிடுகிறது. மனம் வெற்றிடத்தை விரும்பாது. பிடுங்கியதையே மீண்டும் நட்டுக்கொள்ளும். விளக்கமோ பிடுங்கிய இடத்தில் வேறொன்றை நடுகிறது.

கைப்பேசி தோன்றுவதற்கு முன்பே சிங்கப்பூர் இதனைக் கண்டது. 1967-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நோய்த்தடுப்பு ஊசி போடப்பட்ட பன்றியின் இறைச்சியை உண்டால் ஆடவர்க்கு உறுப்புச் சுருங்கி உயிர் போகும் என்ற வதந்தி அங்கே பரவிற்று. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்கு ஓடினர். இறைச்சியால் தீங்கில்லை என்று முதலில் அறிக்கை வந்தது, அச்சம் தணியவில்லை. பின்னர் மருத்துவர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் வந்து, இது அச்சத்தால் உண்டாகும் ஒரு நிலை, இதனால் எவரும் இறப்பதில்லை என்று விளக்கினர். அடுத்த சில வாரங்களில் வதந்தி ஓய்ந்தது. முதல் அறிக்கை இறைச்சியைப் பற்றிப் பேசிற்று. மக்களோ தம் உடலுக்கு என்ன நேர்கிறது என்று கேட்டுக் கொண்டிருந்தனர். அவ்வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே அமைதி பிறந்தது.

ஆசிரியர் கையில் உள்ளது

அரசு தொலைவில் உள்ளது. நிறுவனம் அதனினும் தொலைவில் உள்ளது. வதந்தி செல்வதோ உறவும் நட்பும் அமைத்த வழியில். அவ்வழியில் எதிர்த்து நிற்க அவ்வழியைச் சேர்ந்தவராலேயே இயலும். முற்காலத்தில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர், ஊரிலிருந்து கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆசிரியரை நாடினர். இன்று செய்தி அவரவர் கைக்கே வருகிறது, படிக்கவும் தெரிகிறது. ஆயினும், அதனை நம்பலாமா என்று கேட்க ஒருவர் வேண்டும் என்ற தேவை தீர்ந்துவிடவில்லை. பெற்றோர்க்கெனப் பள்ளிகள் நடத்தும் புலனக் குழுக்களில் ஓர் ஆசிரியர் எழுதும் நான்கு வரிக்கு, எந்த ஒலிபெருக்கிக்கும் இல்லாத மதிப்பு உண்டு. அந்த நான்கு வரி வெறும் மறுப்பாக இருத்தலாகாது. காணொளி எங்கே எடுக்கப்பட்டது, எதற்காக எடுக்கப்பட்டது, எந்தப் பகுதி வெட்டப்பட்டது என்னும் விளக்கமாக இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு உண்மையில் என்ன செய்யலாம் என்பதும் உடன் இருந்தால், அச்சம் சென்று தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கும்.

திருத்தும் முறையும் கவனிக்க வேண்டியது. பலர் பார்க்கும் குழுவில் ஒரு பெரியவரைப் பொய்யர் எனச் சுட்டினால் அவர் தம் மானத்தைக் காக்கவே முற்படுவார், செய்தியை ஆராயார். தனியே அழைத்து, 'மாமா, நீங்கள் அனுப்பிய படத்தின் முடிவைப் பார்த்தீர்களா? முழுப்படமும் அனுப்புகிறேன், பாருங்கள்' என்று பணிவோடு சொன்னால், அவரே குழுவில் திருத்தத்தை இடக்கூடும். தவறு புறப்பட்ட வாயிலிருந்தே திருத்தமும் வருமாயின் அதற்கு ஈடான மறுப்பு வேறில்லை.

வகுப்பறையிலும் செய்யத்தக்கது உண்டு. ஆல்போர்ட், போஸ்ட்மன் இருவரும் செய்த சோதனைக்குப் பொருட்செலவு ஏதும் இல்லை. ஒரு படமும் ஆறு மாணவரும் போதும். முதல் மாணவன் படத்தைப் பார்த்துச் சொன்னதையும் ஆறாம் மாணவன் சொல்வதையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், எது உதிர்ந்தது, எது முளைத்தது என்பதை வகுப்பே கண்டு சிரிக்கும். சிரிப்பு அடங்கிய பின், உதிர்ந்தவை ஏன் உதிர்ந்தன, முளைத்தவை யார் மனத்திலிருந்து முளைத்தன என்று வினவுதல் வேண்டும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

செய்தியைப் பிறர்க்கு அனுப்பும் முன், அது மெய்யா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்குமாறு தூண்டினால், மக்கள் அனுப்பும் செய்திகளின் தரம் உயர்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பொய்யைப் பரப்புவோர் பலர் அறிவற்றவர் அல்லர். அந்த ஒரு கணம் எண்ணாதவர். 'இதனைக் கண்ணால் கண்டவர் யார்? இது பொய்யாயின் துன்புறப் போகிறவர் யார்?' என்னும் இரு வினாக்களைக் கேட்கும் பழக்கத்தைப் பத்து வயதில் ஊட்டிவிட்டால், அம்மாணவர் வளர்ந்து கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது அப்பழக்கமும் உடன் வரும்.

இரண்டாம் வினாவே பெரிது. அத்திமூரில் கூடியிருந்தோர் தம் குழந்தைகளைக் காப்பதாகவே எண்ணினர். மிட்டாயை நீட்டிய கை யாருடையது, அவர் எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார் என்று பொறுமையாகக் கேட்டிருந்தால், ஒரு பாட்டி கோயிலுக்குச் சென்று வீடு திரும்பியிருப்பார்.